பழைய பத்திரிகைகளில் ஒரு விடுதியும் ஒரு தாயும்

பத்தாம் வகுப்பு மாணவி

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. தேர்விலும் அவற்றையே கேட்கிறார்கள். ஆனால் அந்த அரசர்கள் ஆண்ட காலத்தில் சாலையோரம் கடை வைத்துப் பிழைத்தவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது? அவர்கள் கல்வெட்டு பொறிக்கவில்லை, நாட்குறிப்பு எழுதவில்லை, பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. மேனாடுகளில் அத்தகையோரின் பெயர்களை இன்றும் காத்து வைத்திருப்பவை பழைய செய்தித்தாள்களே. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தம் முன்னோரைத் தேடிச் செல்வோர் பலருக்கு, கொள்ளுப்பாட்டனாரோ கொள்ளுப்பாட்டியாரோ ஒரு 'பப்' நடத்தியவர் என்று தெரிய வருகிறது. அந்தப் பப்பின் கதையைப் பத்திரிகைகளிலிருந்து எவ்வாறு எடுப்பது, எடுத்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்பதையே இங்கு எழுத எண்ணுகிறேன்.

"எழுத உனக்கு மதுக்கடையை விட்டால் வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று என் அம்மா கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் பப் என்பது நம் ஊர்ச் சாராயக்கடை போன்றதன்று. 'பொது இல்லம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே பப். கீழே பீர் விற்பார்கள். மாடியில் வழிப்போக்கர்கள் தங்குவார்கள். பின்புறம் குதிரை லாயம் இருக்கும். ஊரில் வேறு பெரிய கூடம் இல்லாததால் ஏலம், சங்கக் கூட்டம், விருந்து எல்லாம் அங்கேதான். குடும்பம் முழுவதும் அங்கேயே குடியிருந்து உழைக்கும். சுருங்கச் சொன்னால் கடையும் சத்திரமும் ஊர்ச்சாவடியும் ஒன்றாகச் சேர்ந்த இடம். குடியின் தீமையை நான் மறுக்கவில்லை. அந்தத் தீமையையும் பத்திரிகைகள் எழுதத்தான் செய்தன. அதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் சட்டத்தைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1552-ஆம் ஆண்டிலேயே, பீர்க்கடை வைப்பவர் மாஜிஸ்திரேட்டுகளிடம் லைசென்ஸ் பெற வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. 1753 முதல் லைசென்ஸ் பெற்றவர்களின் பெயர்ப் பதிவேடுகளையும் ஒழுங்காக வைத்தார்கள். 1828-இல் வந்த புதிய சட்டத்திற்குப் பிறகு அந்தப் பதிவேடுகளை வைக்கும் கட்டாயம் நீங்கிற்று. இரண்டே ஆண்டுகளில் மற்றொரு மாற்றம். ஜின் என்னும் கடும் மதுவை மக்கள் விட்டொழிக்கட்டும் என்று, வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி கட்டினால் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று 1830-இல் சட்டம் செய்தார்கள். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதே இல்லை! சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் வீடுகள் பீர்க்கடைகளாயின. 1869-இல்தான் இவை மீண்டும் மாஜிஸ்திரேட்டுகளின் கைக்கு வந்தன. ஆகவே, நம் தேடலுக்கு மிகவும் வேண்டிய காலத்தில் அரசாங்க ஏடுகள் பல ஊர்களில் குறைவாக உள்ளன. அந்தக் குறையை நிரப்புவது பத்திரிகை.

பத்திரிகைக்கும் ஒரு கதை உண்டு. அக்காலத்தில் ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் முத்திரை வரி இருந்தது. 1815-இல் நான்கு பென்னியாக இருந்த வரி 1836-இல் ஒரு பென்னியாகக் குறைந்து, 1855-இல் அடியோடு நீங்கியது. வரி நீங்கியவுடன் சிற்றூர்களிலும் புதிய பத்திரிகைகள் முளைத்தன. அவற்றிற்குப் பக்கங்களை நிரப்பச் செய்தி வேண்டுமே! யாருடைய பன்றி காணாமற் போயிற்று என்பதிலிருந்து யார் எந்தப் பப்பை வாங்கினார் என்பது வரை எழுதினார்கள்.

இனி, பப் எந்தெந்த இடங்களில் பத்திரிகையில் தலைகாட்டும் என்று பார்ப்போம். ஆண்டுக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுகள் கூடி லைசென்ஸ்களைப் புதுப்பிப்பார்கள். அச்செய்தியில் எவருடைய லைசென்ஸ் யாருக்கு மாற்றப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பவை வரும். ஆண்டுதோறும் இதை ஒரு நோட்டில் குறித்து வந்தால், நம் முன்னோர் எப்போது வந்தார், எப்போது போனார் என்னும் எலும்புக்கூடு கிடைத்துவிடும். சதையும் தோலும் விளம்பரங்களில் இருக்கின்றன. பப் விற்பனைக்கோ வாடகைக்கோ வரும்போது எத்தனை அறைகள், எத்தனை குதிரைகளைக் கட்டலாம், நிலவறை உண்டா, பீர் காய்ச்சும் கொட்டகை உண்டா, எந்தச் சாலையில் எந்தச் சந்தைக்கு அருகில் என்றெல்லாம் விவரமாக அச்சிடுவார்கள். இந்த விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரைபடமே போட்டுவிடலாம்.

நமக்கு வியப்பாக இருக்கும் இன்னொன்று மரண விசாரணை. ஒருவர் ஆற்றில் விழுந்தோ வண்டி கவிழ்ந்தோ இறந்தால், ஜூரிகள் கூடி உடலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கு ஊரில் இருந்த பெரிய அறை பப்தான். ஆகையால் 'இன்னாருடைய பப்பில் விசாரணை நடந்தது' என்று செய்தி வரும். இதைப் படிக்கும் பேரப்பிள்ளைகள், தம் பாட்டனார் கடையில் கொலை நடந்ததாக எண்ணி நடுங்கிவிடக் கூடாது! அவர் அறையைக் கொடுத்தார், அவ்வளவே. வேறு தக்க இடம் இருக்கும்போது பப்பில் இவ்விசாரணையை நடத்தலாகாது என்று 1902-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது.

அடுத்தது அபராதச் செய்திகள். ஞாயிற்றுக்கிழமை ஆலய வழிபாட்டு நேரத்தில் கடையைத் திறந்தால் அபராதம். ஆனால் வெளியூர்ப் பயணிக்கு மட்டும் விலக்கு உண்டு. முந்திய இரவு தங்கிய இடத்திலிருந்து மூன்று மைலுக்குக் குறையாமல் வந்தவரே பயணி என்று 1874-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. பிறகென்ன? பக்கத்துத் தெருக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் பயணி" என்று சொல்லிக் குடிப்பார், போலீசார் பிடிப்பார்கள், வழக்கு வரும், பத்திரிகைக்காரர் அதைச் சுவையாக எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமலிருக்க மூன்று மைல் நடப்பதைவிட, அரை மைல் நடந்து பூசைக்கே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

இங்கேதான் தேடுபவர் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் இருபது ஆண்டுகள் பப் நடத்துகிறார். ஒழுங்காகப் பீர் ஊற்றுகிறார், லாயத்தைப் பெருக்குகிறார், நள்ளிரவில் வந்த பயணிக்கு ரொட்டி கொடுக்கிறார். இவற்றில் ஒன்றும் செய்தியன்று. இரண்டு முறை அபராதம் கட்டினார். அது மட்டும் பத்திரிகையில் ஏறுகிறது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் படிக்கும் நமக்கு அவர் ஒரு குற்றவாளியாகவே தெரிகிறார். பத்திரிகை பொய் சொல்லவில்லை. ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பற்றி அது வாய் திறக்கவே இல்லை. ஆகவே, அபராதச் செய்தியின் பக்கத்தில், அபராதமின்றி லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்ட ஆண்டுகள் எத்தனை என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

பெண்களின் நிலையும் இதில் தெரிகிறது. திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் முழுச் சொத்துரிமை தரும் சட்டம் இங்கிலாந்தில் 1882-இல்தான் வந்தது. அதற்கு முன் மனைவி எவ்வளவு உழைத்தாலும் லைசென்ஸ் பெரும்பாலும் கணவன் பெயரிலேயே இருக்கும். அவன் இறந்தவுடன் லைசென்ஸ் விதவைக்கு மாற்றப்படும். அன்றுதான் அவள் பெயர் முதன்முறையாகப் பத்திரிகையில் வரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் மீண்டும் மறைந்துவிடும். மாவு பிசைந்ததும், கணக்குப் பார்த்ததும், குடித்து ஆடியவனைத் தெருவில் தள்ளியதும் பல ஆண்டுகள் அவளாகவே இருந்திருக்கலாம்.

பத்திரிகைகளைப் பார்ப்பது முன்பு எளிதாக இல்லை. இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே காலின்டேல் என்னுமிடத்தில் 1932 முதல் ஒரு செய்தித்தாள் நூலகம் இருந்தது. நேரில் சென்று பெரிய பெரிய தொகுப்புகளைப் புரட்ட வேண்டும். 1940 அக்டோபரில் விழுந்த குண்டு ஏறக்குறைய ஆறாயிரம் தொகுப்புகளை அழித்துவிட்டது. சில சிற்றூர்களின் சில ஆண்டுகள் அன்றோடு போயின. அந்த நூலகம் 2013-இல் மூடப்பட்டது. இப்போது பத்திரிகைப் பக்கங்களைப் படமெடுத்துக் கணினியில் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துப் பத்திரிகைகளைப் பார்க்கப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009-இல் தொடங்கிய 'ட்ரோவ்' என்னும் தொகுப்போ அனைவருக்கும் இலவசம். அதனால் நான் ஆஸ்திரேலியாவுக்குப் போனேன். அதாவது நாற்காலியில் அமர்ந்தபடியே!

பக்கத்திலுள்ள எழுத்துகளை இயந்திரம் படித்துத் தருகிறது. மை மங்கிய இடங்களில் அது தவறாகவும் படிக்கும். எனவே பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் ஊரைப் போட வேண்டும்; ஊரும் கிடைக்கவில்லை என்றால் பப்பின் பெயரைப் போட வேண்டும். அதிலும் தொல்லை உண்டு. 'சிவப்புச் சிங்கம்' என்ற பெயரில் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பப்கள் இருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் வரைந்த பலகை தொங்கவிட்ட காலத்திலிருந்து வந்த பெயர்கள் அவை.

நான் தேடிப் படித்தது கிளென்ரோவன் என்னும் சிற்றூர் விடுதியை. மெல்போர்ன் நகருக்கு வடகிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், ரயில் பாதையோரத்தில் உள்ள ஊர் அது. அங்கே 1870-களின் இறுதியில் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஆன் ஜோன்ஸ் என்னும் அம்மையார் ஒரு விடுதி நடத்தினார். மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட சிறிய கட்டடம். கணவர் ரயில்வே வேலைக்காக வெளியூரில் இருக்க, கடையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது அம்மையாரே. ரயில் பாதைக்கு மறுபுறம் மக்டொனல் என்பவரின் விடுதியும் இருந்தது. பத்திரிகைகளில் 'கிளென்ரோவன் ஹோட்டல்' என்று மட்டும் வந்தால் எது எதுவென்று பார்த்துப் படிக்க வேண்டும்.

1880 ஜூன் மாத இறுதியில் உலகமே இந்த விடுதியை அறிந்துகொண்டது. நெட் கெல்லி என்பவனும் அவன் கூட்டாளிகள் மூவரும் போலீசாரைக் கொன்றுவிட்டுத் தலைமறைவாகத் திரிந்த கொள்ளையர்கள். ஜூன் 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளென்ரோவனைக் கைப்பற்றி, ஏறக்குறைய அறுபது பேரை அம்மையாரின் விடுதியில் அடைத்து வைத்தார்கள். தங்களைப் பிடிக்க வரும் போலீஸ் ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தார்கள். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோ எப்படியோ வெளியேறி ரயிலை நிறுத்திவிட்டார். திங்கள் விடியுமுன் போலீசார் விடுதியைச் சூழ்ந்து சுட்டார்கள். மரச்சுவரைக் குண்டுகள் காகிதத்தைப் போல் துளைத்தன. உள்ளே கொள்ளையர் நால்வர், மற்றவர்கள் ஊரார். அம்மையாரின் மகன் ஜான், ஏறக்குறைய பதின்மூன்று வயதுச் சிறுவன், குண்டடிபட்டு வாங்கரட்டா மருத்துவமனையில் இறந்தான். மகள் ஜேனின் தலையை ஒரு குண்டு உராய்ந்து சென்றது. பிற்பகலில் போலீசார் விடுதிக்குத் தீ வைத்தார்கள்.

அந்த ரயிலிலேயே பத்திரிகைக்காரர்கள் நால்வர் வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஓவியர். இவ்வாறு சண்டையைத் தொடக்கத்திலிருந்து நேரில் பார்த்து எழுதும் வாய்ப்பு அபூர்வம். மறுநாள், அதாவது ஜூன் 29 செவ்வாயன்று, 'ஆர்கஸ்' நாளிதழ் அதை நெடிய செய்தியாக வெளியிட்டது. மிகச் சிறிய எழுத்தில் பத்தி பத்தியாக நீண்டது அது. நெட் கெல்லியின் இரும்புக் கவசத்தைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! கடை எரிந்து, பிள்ளையைச் சாகக் கொடுத்த தாய், அதில் அழுது கூவும் ஒரு குரலாகவே வருகிறார். அவர் கொள்ளையர்களுக்கு வேண்டியவரோ என்ற சந்தேகமும் அக்காலத்தில் எழுந்தது.

அன்று கருணையுடன் நடந்துகொண்டவர் ஒருவரும் உண்டு. பெர்த் மறைமாவட்டத்தைச் சேர்ந்த அருட்தந்தை மத்தேயு கிப்னி வழியில் ரயிலை விட்டு இறங்கி அங்கே வந்தார். விடுதி எரிந்துகொண்டிருந்தது. தடுத்தும் கேளாமல் அவர் உள்ளே நுழைந்தார். கொள்ளையருள் மூவர் பிணமாகக் கிடந்ததைக் கண்டார். மார்ட்டின் செர்ரி என்னும் அப்பாவி முதியவர் குண்டடிபட்டு உயிர் ஊசலாட வெளியே கொண்டுவரப்பட்டார். அவர் இறக்குமுன் கிப்னி அடிகளார் அவர் அருகில் இருந்தார். பின்னாளில் அடிகளார் பெர்த் ஆயரானார்.

பலர் ஜூன் 29-ஆம் தேதிப் பத்திரிகையோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுபவர் நிறுத்தலாகாது. பெரிய எழுத்துத் தலைப்புகள் போன பிறகு, உட்பக்கத்தில் மூன்று வரியும் ஐந்து வரியுமாகத்தான் ஆன் ஜோன்ஸ் அம்மையாரின் வாழ்க்கை தொடர்கிறது. கொள்ளையர்களுக்கு இடங்கொடுத்ததாக அவர் மீதே வழக்குத் தொடுத்தார்கள். தம் கடையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இடங்கொடுத்ததாக வழக்கு! அவர் குற்றவாளி அல்லர் என்று விடுதலையானார். 1881-இல் அமைந்த அரச ஆணையம் போலீசாரின் செயல்களை விசாரித்துப் பல குறைகளைக் கண்டது. அதன்முன் கிப்னி அடிகளாரும் சாட்சியம் அளித்தார். எரிந்த விடுதிக்காக அம்மையார் அரசாங்கத்திடம் இழப்பீடு கேட்டார். கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது. உராய்ந்த குண்டோடு தப்பிய மகள் ஜேனும் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தாள்.

நெட் கெல்லியைப் பற்றி ஏராளமான நூல்களும் திரைப்படங்களும் வந்துவிட்டன. 1880 நவம்பர் 11-இல் அவன் மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டதை எல்லாரும் அறிவார்கள். அவனுடைய கவசம் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு இருக்கிறது. கொள்ளையன் வீரனாகிவிட்டான், கடைக்கார அம்மையார் கதையின் ஓரத்தில் நிற்கிறார். எனக்கு இது சரியாகப் படவில்லை. நூலாசிரியர்கள் பலரும் விட்டுவிட்டதை அந்தச் சின்னஞ்சிறு பத்திரிகைச் செய்திகள் விடவில்லை. நான் தேதி வாரியாக அவற்றை ஒரு நோட்டில் எழுதினேன். வலது பக்கத்தில் செய்தி. இடது பக்கத்தில், அந்தச் செய்தியை எழுதியவர் யார், அவர் நேரில் பார்த்தாரா, கேட்டு எழுதினாரா என்ற குறிப்பு. இடது பக்கத்தில் பல இடங்களில் 'கேட்டு எழுதியது' என்றே விழுந்தது.

2008-ஆம் ஆண்டில் தொல்பொருள் ஆய்வாளர்கள் அந்த விடுதி இருந்த இடத்தைத் தோண்டினார்கள். 128 ஆண்டுகளுக்கு முன் சுடப்பட்ட குண்டுகளும் தோட்டா உறைகளும் மண்ணுக்கடியில் கிடைத்தன. அவற்றோடு உடைந்த கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. கொள்ளையர் வருவதற்கு முன், எந்தப் பத்திரிகையும் எழுதாத நாள்களில், அந்த அம்மையார் வியாபாரம் செய்ததன் மிச்சம் அவை.